பாரிஸில் துணியும் ஷூவும் வாங்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

பாரிஸுக்குப் போகிறவர்கள் ஐஃபல் கோபுரத்துக்கு ஒரு நாள், லூவ்ர் அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் என்று திட்டம் போடுவார்கள். கடைகளுக்கு நேரம் ஒதுக்குவதில்லை. கடைசி நாள் மாலை அவசர அவசரமாக ஓடி, காலைக் கடிக்கும் ஷூவையும், ஊரிலேயே பாதி விலைக்குக் கிடைக்கும் பருத்திச் சட்டையையும் வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். பயணத்தின் நடுவில் ஒரு அரைநாளை இதற்கென்று ஒதுக்கினால் பத்து வருடம் உழைக்கும் பொருட்களை நியாயமான விலைக்கு வாங்கலாம். அதற்கான வழியை முதலிலிருந்து சொல்கிறேன்.

எதை வாங்குவது, எதை விடுவது

கடைக்குப் போகும் முன்பே பட்டியல் போடுங்கள். என் கணக்கில் பாரிஸில் வாங்கத் தகுந்தவை மூன்று: தோல் ஷூ, கம்பளிக் கோட்டு, கம்பளி ஸ்வெட்டர். குளிர் நாட்டுக்காரர்கள் தினமும் போடுகிற உடுப்பு என்பதால் இவற்றில் தேர்வு அதிகம், தரமும் நன்றாக இருக்கும். சென்னையிலோ மதுரையிலோ நல்ல கம்பளிக் கோட்டு தேடி அலைந்தவர்களுக்கு இது புரியும்.

பருத்தி டி-சட்டை, உள்ளாடை, பைஜாமா போன்றவற்றை விட்டுவிடுங்கள். ஐரோப்பாவின் பெரிய சங்கிலிக் கடைகளில் தொங்கும் பின்னலாடைகளில் கணிசமானவை திருப்பூரிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் போனவை. கழுத்துப் பட்டையையும் பக்கத் தையலில் இருக்கும் சிறு துணிச்சீட்டையும் திருப்பிப் பார்த்தால் எந்த நாட்டில் தைத்தது என்று பெரும்பாலும் எழுதியிருக்கும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகளும் ஐரோப்பிய நிறுவனங்களுக்கு ஷூ தைத்து அனுப்புகின்றன. அதில் தவறேதும் இல்லை, வேலைத்தரம் நன்றாகவே இருக்கும். ஆனால் பிரெஞ்சு வேலைப்பாடு வேண்டும் என்று கூடுதல் காசு கொடுப்பவர் எந்த நாட்டுத் தயாரிப்பு என்று பார்த்துக் கொடுப்பது நல்லது.

பிரான்ஸுக்கே உரியது வேண்டுமென்றால் சில பெயர்கள்: நீலக்கோடு போட்ட மாலுமிச் சட்டைக்கு நார்மண்டியின் செயின்ட் ஜேம்ஸ், பிரித்தானியின் ஆர்மோர் லுக்ஸ். குழந்தை ஆடைக்குத் துருவா நகரில் 1893-ல் தொடங்கிய பெத்தி பத்தோ. ஆண்களின் தோல் ஷூவுக்கு லிமோஜில் தைக்கும் ஜே.எம். வெஸ்டன், ஆல்ப்ஸ் அடிவாரத்துப் பராபூத். பெண்களின் தட்டை பாலே ஷூவுக்கு 1947-ல் தொடங்கிய ரெபெத்தோ. இவற்றில் வெஸ்டன் மிக விலை உயர்ந்தது. ஆனால் அங்கே நீளத்தோடு அகலத்துக்கும் தனித்தனி அளவு உண்டு. அகலப் பாதம் உள்ள நமக்கு அது பெரிய விஷயம்.

அளவை ஊரிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்

இஞ்ச் டேப்பில் அங்குலத்தை விட்டுவிட்டு செ.மீ. பக்கத்தில் அளந்துகொள்ளுங்கள். மார்பு, இடுப்பு, இடுப்புக்குக் கீழே அகலமான இடம், தோள், கைநீளம், கழுத்து, இரண்டு பாதங்களின் நீளம். எல்லாவற்றையும் போனில் எழுதி வையுங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கும் வாங்குவதாக இருந்தால் அவர்களுடைய அளவும் வேண்டும். ‘என் அக்கா என்னை விடக் கொஞ்சம் குண்டு’ என்று விற்பனையாளரிடம் விளக்கி ஷூவோ கோட்டோ வாங்க முடியாது.

பெண்கள் ஆடையில் பிரெஞ்சு எண்கள் 34, 36, 38, 40 என்று போகும். பிரெஞ்சு 38 என்பது பிரிட்டிஷ் 10. அதே உடலுக்கு ஜெர்மன் பிராண்டில் 36 என்றும் இத்தாலியப் பிராண்டில் 42 என்றும் போட்டிருப்பார்கள். பாரிஸ் கடையில் மூன்று நாட்டு ஆடைகளும் ஒரே கம்பியில் தொங்கும். அதனால் எண்ணைப் பார்க்கும்போது எந்த நாட்டு எண் என்றும் பாருங்கள். ஒரு எண்ணுக்கும் அடுத்ததற்கும் சுற்றளவில் சுமார் 4 செ.மீ. வித்தியாசம். இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள் பெரியதை எடுப்பது நல்லது. பெரியதைத் தையல்காரர் பிடித்துக் கொடுத்துவிடுவார், சிறியதை ஒன்றும் செய்ய முடியாது.

ஆண்களுக்குக் கோட்டு அளவு எளிது: மார்பை மட்டும் அங்குலத்திலும் அளந்து, அதோடு பத்தைக் கூட்டுங்கள். 40 அங்குல மார்புக்கு 50-ம் எண். சட்டைக்குக் கழுத்துச் சுற்றளவை செ.மீ.யில் சொன்னால் போதும். குழந்தை ஆடைகளில் வயதும் பக்கத்தில் உயரமும் அச்சிட்டிருக்கும். வயதை விட்டுவிட்டு உயரத்தைப் பாருங்கள்.

ஷூ எண்ணுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஐரோப்பிய எண்ணில் ஒரு படி என்பது ஒரு செ.மீ.யில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 6.67 மி.மீ. அந்த எண் பாதத்தின் நீளத்தைக் குறிப்பதில்லை. ஷூவை உருவாக்கும் அச்சின் நீளத்தைக் குறிக்கிறது. உங்கள் பாத நீளத்தோடு ஒன்றரை செ.மீ. கூட்டி, வருவதை ஒன்றரையால் பெருக்குங்கள். பாதம் 26.5 செ.மீ. என்றால் 28 ஆகும், ஒன்றரையால் பெருக்கினால் 42. நம் ஊரில் 8-ம் எண் போடும் ஆண்களுக்கு இதுதான் வரும், ஏனென்றால் இந்திய எண்கள் பிரிட்டிஷ் முறையைப் பின்பற்றுபவை. பெண்களில் 5-ம் எண் போடுகிறவருக்கு 38. இதைத் தொடக்கப்புள்ளியாக வைத்துக்கொண்டு மேலும் கீழும் அரை எண் போட்டுப் பாருங்கள்.

எந்த நேரத்தில் போவது

பிரான்ஸில் தள்ளுபடிக் காலம் சட்டப்படி நடக்கிறது. வருடத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொன்றும் நான்கு வாரம். குளிர்காலத் தள்ளுபடி ஜனவரி இரண்டாவது புதன்கிழமை தொடங்கும். அந்தப் புதன் 12-ம் தேதிக்குப் பின் வந்தால் முதல் புதனுக்கே மாறிவிடும். கோடைத் தள்ளுபடி ஜூன் கடைசிப் புதன். அது 28-ம் தேதிக்குப் பின் வந்தால் முந்தைய புதன். இதற்கு ‘சோல்ட்’ என்று பெயர், கடை வாசலிலேயே பெரிதாக ஒட்டியிருப்பார்கள். தள்ளுபடிக்கென்று புதிதாகச் சரக்கு இறக்கக்கூடாது. குறைந்தது ஒரு மாதத்துக்கு முன்பே காசு கொடுத்து வாங்கி, விற்பனைக்கு வைத்திருந்த பொருளாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதனால் இந்தக் காலத்துத் தள்ளுபடியை நான் நம்புகிறேன்.

நான்கு வாரத்திலும் விலை படிப்படியாக இறங்கும். கடைசி வாரம் வரை காத்திருந்தால் மலிவுதான், ஆனால் 38, 39, 42 போன்ற எல்லோரும் போடும் எண்கள் அதற்குள் போய்விடும். ஷூ வாங்குவதென்றால் முதல் வாரம், கோட்டு என்றால் இரண்டாவது மூன்றாவது வாரம் என்பது என் யோசனை.

மற்ற நாட்களில், சிறு கடைகள் பெரும்பாலும் ஞாயிறு மூடியிருக்கும், சில திங்கள் காலையும் திறக்காது. காலை பத்து மணிக்கு முன் போய்ப் பயனில்லை. ஞாயிறு மட்டும்தான் நேரம் இருக்கிறது என்றால் மரே பகுதிக்கோ ஓஸ்மான் சாலைக்கோ ஷான்ஸெலிஸேக்கோ போங்கள். சுற்றுலாப் பகுதிகள் என்பதால் அங்கே ஞாயிறும் கடை திறக்க அனுமதி இருக்கிறது.

எந்தப் பக்கம் போவது

முதல் தடவை போகிறவர்கள் ஓஸ்மான் சாலையில் தொடங்கலாம். கலெரி லஃபாயேத், பிரான்தாம் என்ற இரண்டு பேரங்காடிகளும் அடுத்தடுத்து இருக்கின்றன. பிரான்தாம் 1865-ல் தொடங்கியது. லஃபாயேத்தின் வண்ணக் கண்ணாடிக் குவிமாடம் 1912-ல் கட்டியது, அதன் மொட்டைமாடிக்குக் காசில்லாமல் போய் ஊரைப் பார்க்கலாம். பல பிராண்டு ஷூக்களை ஒரே கூரையின் கீழ் போட்டுப் பார்த்து, உங்கள் எண் என்ன, எந்த வடிவம் காலுக்கு ஒத்துவருகிறது என்று தெரிந்துகொள்ள இதைவிட வசதியான இடம் இல்லை. வாங்குவதை அங்கேயே வாங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

அமைதியாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஆற்றின் இடதுகரையில் செவ்ர் தெருவில் இருக்கும் லெ போன் மார்ஷே. 1852-ல் அரிஸ்தித் பூசிகோ பொறுப்பேற்ற கடை அது. பேரம் இல்லாத ஒரே விலை, வாங்காமலும் உள்ளே வந்து பார்க்கலாம், பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம் என்று இன்று நாம் சாதாரணமாக நினைக்கும் வழக்கங்களைப் பரவச் செய்த கடைகளில் ஒன்று. விலை அதிகம். ஆனால் அதைச் சுற்றியுள்ள ஷெர்ஷ்-மிதி தெருவிலும் ரென் தெருவிலும் நல்ல ஷூக் கடைகள் இருக்கின்றன. என்னைக் கேட்டால் ஷூவுக்கு இந்தப் பக்கம்தான்.

குறைந்த செலவில் அவசரத்துக்கு என்றால் ரிவோலி தெரு, லே ஆல் வணிக வளாகம். எல்லா ஐரோப்பிய நகரத்திலும் இருக்கும் அதே சங்கிலிக் கடைகள்தான், அதனால் நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. திடீரென்று மழை பிடித்துக்கொண்டால் தெருவுக்குத் தெரு இருக்கும் மோனோப்ரி கடையில் குடை, காலுறை, குழந்தைக்கு ஒரு ஸ்வெட்டர் எல்லாம் கிடைக்கும்.

பழைய துணிக் கடைகளை நம்மவர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். அந்தத் தயக்கத்தை ஒருமுறை விட்டுப் பாருங்கள். மரே பகுதியில் இப்படிப்பட்ட கடைகள் நிறைய. சிலவற்றில் எடை போட்டு விற்பார்கள். முழுக் கம்பளிக் கோட்டு ஒன்று புதிய செயற்கை நூல் கோட்டின் விலையைவிடக் குறைவாகக் கிடைக்கும். அக்குள், கைமடிப்பு, உள்துணி, பொத்தான் நான்கையும் வெளிச்சத்தில் பாருங்கள், பூச்சி அரித்த ஓட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய ஷூ மட்டும் வேண்டாம், இன்னொருவர் பாதத்துக்கு வளைந்துபோன உள்ளடி உங்கள் பாதத்துக்கு ஒத்துவராது. செயின்ட் வான் பழம்பொருள் சந்தை சனி, ஞாயிறு, திங்களில் நடக்கும். அங்கே மாலிக் என்ற பகுதி துணிக்குப் பேர்போனது. நான்காம் எண் மெட்ரோ ரயிலில் போர்த் த கிளின்யாங்கூர் நிலையத்தில் இறங்கி நடக்கலாம்.

அந்த நிலையத்திலிருந்து சந்தைக்குப் போகும் வழியிலும் ஐஃபல் கோபுரம் பக்கமும் கையில் வைத்து விற்கும் ‘பிராண்டு’ பைகளையும் ஷூக்களையும் தொடாதீர்கள். பிரான்ஸில் போலிப் பொருளை வைத்திருப்பதே குற்றம். சுங்கத்துறை பறிமுதல் செய்து அபராதமும் போடும், தெரியாமல் வாங்கினேன் என்பது அங்கே செல்லாது.

வடக்கே கார் து நோர் ரயில் நிலையத்துக்கும் லா ஷப்பேலுக்கும் நடுவில் இலங்கைத் தமிழர்களின் கடைவீதி இருக்கிறது. கல்யாணத்துக்காகப் போனவர்களுக்குச் சேலை, உள்பாவாடை, வளையல் எது விட்டுப்போனாலும் ஃபோபூர் செயின்ட் தெனி தெருவில் தமிழிலேயே கேட்டு வாங்கலாம்.

ஒரு முழுநாள் இருந்தால் டிஸ்னிலேண்டுக்குப் பக்கத்தில் லா வலே வில்லேஜ் என்ற தள்ளுபடி வளாகத்துக்கு ஆர்.இ.ஆர். ஏ என்ற புறநகர் ரயிலில் வால் த ஐரோப் நிலையம் வரை போகலாம். முந்தைய பருவத்துச் சரக்கு அங்கே வரும். சில பிராண்டுகள் இப்படிப்பட்ட இடங்களுக்கென்றே தனியாகத் தைப்பதும் உண்டு, எனவே துணியைக் கையில் தடவிப் பார்த்து எடுங்கள்.

கடைக்குள் நுழைந்ததும்

முதலில் ‘போன்ஜூர்’ சொல்லுங்கள். இது மிக முக்கியம். வணக்கம் சொல்லாமல் நேராக அலமாரிக்குப் போய்ப் பொருளை எடுப்பதை அங்கே மரியாதைக் குறைவாக நினைப்பார்கள், அப்புறம் உங்களுக்கு உதவ யாரும் முன்வர மாட்டார்கள். சும்மா பார்ப்பதாக இருந்தால் ‘ஜ ரெகார்த்’ என்று சிரித்துச் சொன்னால் விட்டுவிடுவார்கள். கிளம்பும்போது ‘மெர்சி, ஓ ரெவ்வார்’, அதாவது நன்றி, போய் வருகிறேன். சிறு கடையில் அலங்காரமாக அடுக்கியிருப்பதை நீங்களே கலைக்காமல் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

கோட்டு போட்டுப் பார்க்கும்போது உள்ளே ஸ்வெட்டர் இருக்கட்டும். தோள் தையல் உங்கள் தோள் எலும்பின் முனையில் உட்கார வேண்டும், அது தவறினால் வேண்டாம், தோளைத் திருத்துவது பெரிய வேலை, செலவும் அதிகம். கைநீளம், பேன்ட் கால் நீளம் எல்லாம் ஊரில் நம் தையல்காரரிடம் வைத்துக்கொள்ளலாம். சீட்டில் ‘லென்’ என்றால் கம்பளி, ‘சுவா’ பட்டு, ‘லின்’ லினன். கம்பளி 70 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் கோட்டுக்கு நல்ல விலை கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

ஷூவுக்கு நேரம் கொடுங்கள்

ஷூ வாங்க மாலை நேரம் நல்லது. பகலெல்லாம் நடந்து பாதம் சற்று வீங்கியிருக்கும், அந்த அளவுக்குப் பொருந்துவதுதான் நாள் முழுவதும் பொருந்தும். குளிரில் என்ன காலுறை போடுவீர்களோ அதையே போட்டுக்கொண்டு போங்கள். கடையில் ஒற்றை ஷூதான் வெளியே வைத்திருப்பார்கள். மாடலைக் காட்டி எண்ணைச் சொன்னால் ஜோடியை உள்ளேயிருந்து எடுத்து வருவார்கள். ‘புவாந்த்யூர்?’ என்று கேட்டால் ஷூ எண்ணைக் கேட்கிறார்கள்.

இரண்டு காலிலும் போட்டு எழுந்து நில்லுங்கள். நீளமான விரலுக்கு முன்னால் சுமார் ஒரு செ.மீ. இடம் வேண்டும். பாதத்தின் அகலமான பகுதி ஷூவின் அகலமான பகுதியில் உட்கார வேண்டும். கம்பளத்தில் நடந்து பார்த்தால் எல்லா ஷூவும் சுகமாகத்தான் தெரியும், கல் அல்லது மரத் தரைக்கு வந்து நடங்கள். சிறு வயதிலிருந்து செருப்பும் வெறுங்காலுமாக வளர்ந்த நம்மில் பலருக்கு விரல் பக்கம் விரிந்திருக்கும். இத்தாலிய ஷூக்கள் அங்கே பெரும்பாலும் ஒடுக்கம். அகலம் போதவில்லை என்று ஒரு எண் பெரிதாக எடுக்காதீர்கள். குதிகால் வழுக்கும், கொப்புளம் வரும். வேறு வடிவத்துக்கு மாறுங்கள். தோல் போகப் போக அகலத்தில் கொஞ்சம் இளகும், நீளத்தில் இளகாது. ‘பழகினால் சரியாகிவிடும்’ என்று விற்பவர் சொல்வது அகலத்துக்கு மட்டும்தான் பொருந்தும்.

அடுத்தது ஷூவுக்குள்ளோ அடியிலோ பெட்டியிலோ இருக்கும் சிறு படச்சீட்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் ஷூக்களுக்கு இது கட்டாயம். மேல்பகுதி, உள்பகுதி, அடிப்பகுதி மூன்றுக்கும் தனித்தனிக் குறி இருக்கும். விரித்த தோலின் உருவம் போட்டிருந்தால் தோல். அதே உருவத்துக்குள் சாய்சதுரம் இருந்தால் மேலே பூச்சுப் பூசிய தோல். பின்னிய வலை போன்ற கட்டம் துணி. வெறும் சாய்சதுரம் ரப்பர், பிளாஸ்டிக் போன்ற மற்றவை. மேல்பகுதி தோல், உள்பகுதி சாய்சதுரம் என்று பல ஷூக்கள் வரும். நம் ஊர் வெயிலில் போட வேண்டுமென்றால் உள்பகுதியும் தோலாக இருப்பதைத் தேடுங்கள், வியர்வையை அது வாங்கிக்கொள்ளும். பிரான்ஸில் விலங்கின் தோலால் செய்யாததைத் தோல் என்று சொல்லி விற்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. ‘குயிர்’ என்றால் தோல், ‘குரூத் த குயிர்’ என்றால் தோலைப் பிளந்து எடுத்த அடிப்படலம். அது மலிவு, உழைப்பும் குறைவு.

தோல் அடி வைத்த ஷூ பாரிஸின் ஈரக் கற்களில் வழுக்கும். தெருவோர ‘கொர்தோனெரி’யில், அதாவது ஷூ பழுதுபார்க்கும் கடையில் கொடுத்தால் மெல்லிய ரப்பர் அடி ஒட்டித் தருவார்கள், ஷூவின் ஆயுளும் கூடும். புது ஷூவைப் போட்டுக்கொண்டு மறுநாளே ஊர் சுற்றப் புறப்படாதீர்கள். அதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, வரிப் பகுதியில் சொல்கிறேன்.

பணம் கட்டும்போது

கார்டைத் தேய்க்கும்போது இயந்திரம் ரூபாயிலா யூரோவிலா என்று கேட்டால் யூரோவையே தேர்ந்தெடுங்கள். ரூபாயில் காட்டும் தொகை பார்க்க வசதியாக இருக்கும், ஆனால் அந்த மாற்று விலை பொதுவாக மோசமானது. கையில் ஒரு துணிப்பை வைத்திருங்கள், பைக்குத் தனியாகக் காசு வாங்கும் கடைகள் அதிகம்.

நேரில் போய் வாங்கியதைப் பிடிக்கவில்லை என்று திருப்பித் தரும் உரிமை பிரெஞ்சுச் சட்டத்தில் இல்லை. 14 நாள் விதி இணையத்தில் வாங்கியவற்றுக்குத்தான். பல கடைகள் தாமாகவே மாற்றித் தருவார்கள், ஆனால் எத்தனை நாளுக்குள், பணமா மாற்றுப் பொருளா என்று கட்டும் முன் கேளுங்கள். பொருளில் குறை இருந்தால் அது வேறு, தள்ளுபடிக் காலத்தில் வாங்கியதற்கும் இரண்டு வருடச் சட்ட உத்தரவாதம் உண்டு. பில்லைத் தொலைக்காதீர்கள். இந்தியாவில் இறங்கும்போது தீர்வை இல்லாத வரம்புக்குக் கணக்குக் காட்டவும் அது வேண்டும்.

வரியைத் திரும்பப் பெறுவது

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிக்கும், 16 வயது நிரம்பிய பயணி ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கினால் வரியில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். பெயர் ‘டெடாக்ஸ்’. துணிக்கும் ஷூவுக்கும் வரி 20 விழுக்காடு. வரியைத் திருப்பி வாங்கித் தரும் இடைத்தரகு நிறுவனத்தின் கட்டணம் போகக் கையில் வருவது விலையில் சுமார் 12 விழுக்காடு. எனவே ஐந்து கடையில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்காமல் ஒரே கடையில் சேர்த்து வாங்குவது லாபம். லண்டன், டொராண்டோ, சூரிக் தமிழர்களுக்கும் இது பொருந்தும். ஜெர்மனியிலோ டென்மார்க்கிலோ வசிக்கிறவர்களுக்குப் பொருந்தாது.

பணம் கட்டுவதற்கு முன்பே டெடாக்ஸ் வேண்டும் என்று சொல்லி பாஸ்போர்ட்டைக் காட்டுங்கள். மூலப் பாஸ்போர்ட்டையே கொண்டுபோவது நல்லது. கோடுக்குறி (பார்கோடு) அச்சிட்ட படிவம் தருவார்கள். பணம் கார்டுக்கு வர வேண்டுமா ரொக்கமா என்று கேட்பார்கள். ரொக்கத்துக்குக் கட்டணம் கூடுதல், கார்டே மேல். படிவத்தை அங்கேயே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

விமான நிலையத்தில் பெட்டியைக் கொடுக்கும் முன், அந்தப் படிவத்தைச் சரிபார்க்கும் ‘பாப்லோ’ என்ற இயந்திரத்தைத் தேடுங்கள். லண்டன் ரயிலுக்குப் போகிறவர்களுக்கு கார் து நோரிலேயே இருக்கிறது. மொழியைத் தேர்ந்து கோடுக்குறியைக் காட்டினால் பச்சைத் திரை வரும், வேலை முடிந்தது. சிவப்பு வந்தால் பக்கத்துச் சுங்க மேசைக்குப் போக வேண்டும். அங்கே பொருளைக் காட்டச் சொல்வார்கள், அது பயன்படுத்தாததாக இருக்க வேண்டும். புது ஷூவைக் காலில் போட்டுக்கொண்டும் கோட்டைப் பெட்டிக்குள் அனுப்பிவிட்டும் வந்து நின்றால் சிக்கல். தள்ளுபடிக் காலத்தில் வரிசை நீளும், வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகவே போங்கள்.

துபாய், தோஹா, கொழும்பு வழியாகத் திரும்புகிறவர்களுக்கு பாரிஸிலேயே இந்த வேலை முடிந்துவிடும். ஃபிராங்ஃபர்ட், ஆம்ஸ்டர்டாம் வழியாக மாறுகிறவர்கள் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுக் கிளம்பும் கடைசி விமான நிலையத்தின் சுங்கத்தில் முத்திரை வாங்க வேண்டும், பாப்லோ உதவாது. அப்படிப் போகிறவர்கள் வாங்கிய பொருளைக் கைப்பையிலேயே வைத்திருங்கள். வாங்கிய மாதம் போக அடுத்த மூன்று மாதத்துக்குள் இது நடக்க வேண்டும். பணம் கார்டுக்கு வரச் சில வாரம் ஆகலாம். வராவிட்டால் படிவ எண்ணை வைத்து, அதில் பெயர் அச்சிட்டிருக்கும் இடைத்தரகு நிறுவனத்தின் இணையதளத்தில் நிலவரம் பார்க்கலாம், அங்கிருந்தே கேட்டு எழுதலாம்.